கொண்டை ஊசியில் அறுபத்தொரு குறைகள்

சிங்காநல்லூரில் ஒரு கிரைண்டர் கடைக்கு மேலே, பதினேழு படி ஏறினால் ஒரு அறை. அங்கே ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு ஐம்பத்தெட்டு.

குருவின் பெயர் கருணாம்பிகை. கணினியில் கார் ஓட்டும் பந்தய விளையாட்டு ஒன்றை ஒன்பது வருடங்களுக்கு முன் தனியாக உருவாக்கியவர். விளையாட்டின் பெயர் 'கொண்டை ஊசி'. ஒரு மலைப்பாதை, பதினான்கு வளைவுகள். நிஜ வண்டியைப் போலவே வழுக்கும், குலுங்கும், கவிழும்.

சீடரின் பெயர் நாச்சிமுத்து. பம்ப் செட் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் மோட்டார்களைச் சோதித்துக் குறை கண்டுபிடித்தவர். அதற்கான நிரல்களையும் அவரே எழுதினார். ஓய்வு பெற்ற மறுவாரம் படியேறி வந்து, "எனக்கும் இதைக் கத்துக் குடுங்க அம்மிணி" என்றார். கருணாம்பிகை ஒரு நாற்காலியைக் காட்டினார். அவ்வளவுதான் சேர்க்கை.

இந்த மாதிரி விளையாட்டுகளுக்கு அடியில் எஞ்சின் என்று ஒன்று உண்டு. வண்டிக்குள் இருக்கும் எஞ்சின் அல்ல. சாலையைத் திரையில் வரைவது, டயர் எவ்வளவு வழுக்கும் என்று கணக்குப் போடுவது எல்லாம் செய்யும் ஒரு மென்பொருள். கொண்டை ஊசியின் எஞ்சினைச் செய்த கம்பெனி மூடிவிட்டது. தை பிறந்தால் புதிய கணினிகளில் அது ஓடாது. ஆகவே விளையாட்டை அப்படியே தூக்கி வேறோர் எஞ்சினில் வைக்க வேண்டும்.

அந்த வேலையைக் கருணாம்பிகை நாச்சிமுத்துவிடம் கொடுத்தார். பதினான்கு மாதம் ஆயிற்று.

முடித்த அன்று நாச்சிமுத்து மூன்று தாள்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"என்னங்கண்ணா இது?"

"பழசுல இருந்த குறைங்க அம்மிணி. மொத்தம் அறுபத்தொண்ணு. அத்தனையும் தீர்த்தாச்சுங்க."

"அத்தனையுமா?"

"ஒண்ணு பாக்கி இல்லைங்க."

கருணாம்பிகை மூன்று தாளையும் படித்தார். எல்லாம் அவர் கையால் வந்த குறைகள். இருபத்து நான்கு வயதில் அவசரமாக எழுதியவை.

"இத்தனை தப்பா பண்ணியிருக்கேன்" என்று சிரித்தார்.

"சின்ன வயசுங்களே" என்று நாச்சிமுத்து மன்னித்துவிட்டார்.

கொண்டை ஊசியை ஆடுகிறவர்கள் மூவாயிரத்து நூற்று எட்டுப் பேர். அவர்களில் பன்னிரண்டு பேர் ஞாயிறுதோறும் தங்களுக்குள் பந்தயம் வைத்துக்கொள்கிறவர்கள். அந்தப் பன்னிரண்டு பேர் எதில் ஓட்டுகிறார்களோ அதில்தான் மற்றவர்களும் ஓட்டுவார்கள். இன்னும் பத்தொன்பது நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் புதியதில் ஓட்டிப் பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. வேண்டாம் என்றால் நாச்சிமுத்துவின் பதினான்கு மாதமும் வீண். தைக்குப் பிறகு விளையாட்டும் இல்லை.

பன்னிரண்டு பேரில் மூத்தவர் கமாலுதீன். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உருளைக்கிழங்கு லாரி ஓட்டுகிறவர். கொண்டை ஊசியில் மட்டும் ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு சுற்று ஓட்டியிருக்கிறார். முன்கூட்டியே ஒரு தடவை பார்க்கட்டும் என்று நாச்சிமுத்து அவரைக் கூப்பிட்டார். செவ்வாய்க்கிழமை காலை, மண்டியில் மூட்டைகளை இறக்கிவிட்டு வந்து சேர்ந்தார்.

"நெஜ மலையில எறங்கி வந்து மறுபடியும் மலையேறறீங்களே பாய், அலுக்காதுங்களா?" என்றார் நாச்சிமுத்து.

"இந்த மலையில எதுத்தாப்பல பஸ் வராதுங்களே" என்றார் கமாலுதீன்.

மேசையில் திருகி வைத்த ஸ்டீயரிங்கின் முன்னால் உட்கார்ந்து ஐந்து சுற்று ஓட்டினார். வழக்கமான நேரத்தைவிட ஒவ்வொரு சுற்றிலும் நான்கு வினாடி அதிகம் பிடித்தது. எழுந்து, ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டார்.

"எப்படிங்க இருக்கு?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"படமெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்குதுங்க. ரோடு புதுசாப் போட்டிருக்கீங்க."

"வண்டி?"

"வண்டியும் நல்ல வண்டிதானுங்க." டம்ளருக்குள் பார்த்தபடி சொன்னார். "நான் பழசுலயே ஓட்டிக்கறனுங்க நாச்சிமுத்தண்ணா. அது ஓடற வரைக்கும் ஓடட்டும்."

"என்ன குறைன்னு சொன்னாத்தானுங்களே தெரியும்?"

"குறை ஒண்ணுமே இல்லீங்க" என்றார் கமாலுதீன், வருத்தமாக.

நாச்சிமுத்து புதன்கிழமை முழுவதும் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தார். சாயங்காலம் குருவிடம் போனார்.

"வண்டி எடை சரி. டயர் சரி. கியர் சரி. முன்னூத்திப் பன்னெண்டு அளவும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துதுங்க. அப்புறம் ஏனுங்க அவருக்குப் புடிக்கலை?"

கருணாம்பிகை தன் திரையை அணைத்தார்.

"நாளைக்கு பாயைப் பழசுல ஓட்டச் சொல்லுங்க. நீங்க பக்கத்துல உக்காருங்க."

"உக்காந்து திரையைப் பாக்கறனுங்க."

"திரை வேண்டாம். அவரைப் பாருங்க. என்ன பேசறாருன்னு எழுதுங்க."

"வண்டி ஓட்டறப்ப என்னுங்க பேசப் போறாரு?"

"தாளும் பேனாவும் எடுத்துக்கங்க."

வியாழக்கிழமை நாச்சிமுத்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி, கமாலுதீன் முகத்துக்கு எதிரே உட்கார்ந்தார்.

"என்னுங்க, பொண்ணு பாக்க வந்தவராட்டப் பாக்கறீங்க?"

"அம்மிணி சொன்னதுங்க."

"அப்பச் சரி."

முதல் நான்கு வளைவுகளில் கமாலுதீன் ஒன்றும் பேசவில்லை. ஐந்தாவது வளைவு வந்தது.

"வணக்கங்க சம்பந்தி" என்று சொல்லிக் காலை லேசாக எடுத்தார். ஸ்டீயரிங் ஒரு தடவை துள்ளி அடங்கியது.

"யாரைச் சொல்றீங்க?"

"அங்க ஒரு மேடுங்க. கண்ணுக்குத் தெரியாது. எத்தனை பணிவாப் போனாலும் ஒரு தூக்குத் தூக்கித்தான் எறக்கும். அதனால சம்பந்தி மேடு."

"யாரு வெச்ச பேருங்க?"

"யாரோ வெச்சது. நான் வர்றதுக்கு முந்தியே இருந்துச்சு."

நாச்சிமுத்து தன் மூன்று தாளைப் புரட்டினார். பதினேழாவது குறை: சாலையின் இரண்டு துண்டுகள் சேருமிடத்தில் பிசகு.

ஒன்பதாவது வளைவு. "காக்கா வந்தாச்சு" என்று பிரேக்கை மிதித்தார் கமாலுதீன்.

அந்த இடத்தில் வானத்தில் ஒரு காகம், சிறகை விரித்தபடி ஒன்பது வருடமாக அசையாமல் நிற்கிறது. காகம் மின்கம்பத்துக்கு நேராக வரும்போது பிரேக் போட வேண்டும். அரை வினாடி தவறினால் வண்டி பள்ளத்தில். தாளில் நாற்பதாவது குறை: காகம் பறக்கவில்லை. நாச்சிமுத்து இரண்டு நாள் மொட்டை மாடியில் நின்று காகங்களைப் பார்த்து, புதியதில் அதை அழகாகப் பறக்க விட்டிருந்தார். அது பறந்து போய்விட்டது. கூடவே கமாலுதீனின் நான்கு வினாடியும்.

பதினோராவது வளைவு. பார்வைக்குக் காய்ந்த சாலை. "எண்ணெய்க் கடையில ஒரு எட்டு நின்னுட்டுப் போலாம்" என்று கமாலுதீன் சீட்டியடித்தார். வண்டியின் பின்பக்கம் அரைவட்டம் சுற்றி, வளைவு முடியும்போது தானாக நேரானது. எட்டாவது குறை: வழுக்கும் அளவு தவறாக அடிக்கப்பட்டுள்ளது.

பதினான்காவது, கடைசி வளைவு. "கிணறு" என்றார். உதட்டைக் கடித்துக்கொண்டு மலைச்சுவரை உரசியபடி கடந்தார். அங்கே சாலையின் ஓரத்தில் தரையே இல்லாத ஓர் இடம். அதில் இறங்கிய வண்டி மலைக்குள் விழும், விழுந்துகொண்டே இருக்கும். அந்தச் சுற்று போச்சு. தாளில் அது முதல் குறை.

நாச்சிமுத்து நான்கு பெயர்களையும் எழுதி, கீழே கோடு போட்டுக் குருவிடம் கொண்டுபோனார்.

"அறுபத்தொண்ணுல நாலுக்குப் பேர் வெச்சிருக்காங்க அம்மிணி. மீதி அம்பத்தேழை அவரு கண்டுக்கவே இல்லை."

"சரி."

"அப்ப நாலையும் திரும்ப வைக்கணுங்களா? தப்புன்னு தெரிஞ்சேவா?"

"வேலை உங்களுது. பாத்துச் செய்யுங்க."

"முப்பத்தொரு வருஷம் குறையை எடுத்துத்தானுங்க சோறு தின்னேன். இப்ப வைக்கச் சொல்றீங்க."

"நான் எங்கண்ணா சொன்னேன்?" என்றார் கருணாம்பிகை. "உங்க டிபன் பாக்ஸ் அங்கேயே இருக்கு. போய்ச் சாப்பிடுங்க."

காகத்தை நிறுத்துவது பத்து நிமிட வேலை. எண்ணெய்க் கடை இன்னும் சுலபம், ஓர் எண்ணை மாற்றினால் போதும். சம்பந்திதான் வரவில்லை. புதிய எஞ்சின் சாலைத் துண்டுகளைப் பிசகில்லாமல் ஒட்டிவிடுகிறது. நாச்சிமுத்து கையால் ஒரு மேடு கட்டினார், நான்கு சென்டிமீட்டர். கமாலுதீன் வந்து ஓட்டினார்.

"இது சம்பந்தி இல்லீங்க. ஸ்பீடு பிரேக்கர்."

இரண்டு சென்டிமீட்டராகக் குறைத்தார்.

"இது மச்சினன். சொன்ன பேச்சுக் கேக்கறான்."

நாச்சிமுத்து பழையதில் அந்த ஒரு வளைவை மட்டும் எழுபத்திரண்டு தடவை ஓட்டினார். மேடு இடது சக்கரத்தை மட்டுமே தூக்குகிறது, அதுவும் வேகம் அறுபதைத் தாண்டினால்தான் என்று தெரிந்தது. அப்படியே கட்டினார். மூன்றாவது தடவை வந்த கமாலுதீன் ஐந்தாவது வளைவில் நாற்காலியோடு ஒரு பக்கம் சாய்ந்தார். முகம் மலர்ந்தது.

"வந்துட்டாருங்க."

"மீதியையும் ஓட்டிப் பாருங்க பாய்."

"கீழ லாரி நடுரோட்டுல நிக்குதுங்க" என்று இறங்கிப் போய்விட்டார்.

கடைசியாகக் கிணறு. அதை நாச்சிமுத்து மிகவும் பொறுமையாகத் தோண்டினார். அகலம் மூன்றரை அடி, நீளம் ஆறேகால் அடி. ஒரு விரற்கடைகூடப் பிசகவில்லை.

பந்தயத்துக்கு முந்தின சனிக்கிழமை குருவிடம் சொன்னார்.

"நாலும் வெச்சாச்சுங்க அம்மிணி."

"நாலுமா?"

"ஒண்ணு பாக்கி இல்லைங்க."

கருணாம்பிகை அவரை ஒரு கணம் பார்த்தார். "சரிங்கண்ணா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பந்தயம். பதினோரு பேர் அவரவர் வீட்டிலிருந்து. அவர்கள் குரல் மட்டும் ஸ்பீக்கரில் வந்தது. கமாலுதீன் மாடியிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஐந்தாவது வளைவில் பன்னிரண்டு குரலும் சேர்ந்து "வணக்கங்க சம்பந்தி" என்றன. அதிலே ஒரு குரல், "என்னை இன்னும் நல்லாவே தூக்கறாரு" என்றது.

ஒன்பதாவதில், "காக்கா சௌக்கியமா" என்று ஒரு பெண்குரல் விசாரித்தது. அவர் திண்டுக்கல்லில் கணக்கு வாத்தியார். பதினோராவதில் ஸ்பீக்கர் முழுக்கச் சீட்டிச் சத்தம்.

நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். அதில் தூசி இல்லை.

பதினான்காவது வளைவில் பன்னிரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. ஒருவர்கூட மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கவில்லை. எல்லோரும் ஓரத்தைப் பிடித்து, முழு வேகத்தில் குறுக்கே போனார்கள்.

முன்னால் வந்த ஏழு வண்டிகள் காணாமல் போயின. முதலில் போனது கமாலுதீன் வண்டி.

"கிணத்தைத் திரும்பத் தோண்டுன புண்ணியவான் யாருங்க?" என்று கணக்கு வாத்தியார் கேட்டார். அவர் இன்னும் விழுந்துகொண்டிருந்தார். உடனே எல்லோரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். விழாத ஐந்து பேர் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தார்கள்.

கமாலுதீன் நாற்காலியைத் திருப்பினார்.

"கிணத்தை மூடிட்டாங்க, இனி ஓரமாவே அடிக்கலாம்னு மொதல்ல ஓட்டிப் பாத்த செவ்வாக்கிழமையே பதினோரு பேருக்கும் போன் போட்டுச் சொன்னனுங்க. புதுசுல எனக்குப் புடிச்சதே அது ஒண்ணுதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே பாய்."

"நீங்க குறையைத்தானுங்களே கேட்டீங்க?"

நாச்சிமுத்துவுக்குக் காது சிவந்துவிட்டது.

கமாலுதீன் ஸ்பீக்கரில் ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லோரிடமிருந்தும் ஒரே பதில் வந்தது. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"கிணத்தை மூடிப் போடுங்க நாச்சிமுத்தண்ணா. அடுத்த ஞாயித்துக்கிழமையிலிருந்து பன்னெண்டு பேரும் புதுசுலதான்."

பதினேழு படியும் அவர் சிரித்துக்கொண்டே இறங்குவது மேலே கேட்டது.

அறையில் குருவும் சீடரும் மட்டும் இருந்தார்கள். கருணாம்பிகை ஸ்பீக்கர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"கிணறு இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுங்களா அம்மிணி?"

"நேத்து சாயங்காலம் ஓட்டிப் பாத்தேன். விழுந்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே."

கருணாம்பிகை வயரின் நுனியை உள்ளே செருகினார்.

நாச்சிமுத்து விடவில்லை. "நானாத் தோண்டலைங்க. நீங்க செஞ்சதுல என்ன இருந்துச்சோ, அதை ஒரு விரக்கடை மாத்தாமக் கொண்டு வந்தேன். நாயமாப் பாத்தா அது உங்க தப்புங்களே அம்மிணி."

"பழசுல மட்டுந்தானுங்கண்ணா" என்றார் கருணாம்பிகை.