தனிப் பானை

எப்சிபா அம்மா குருவானவராக வந்தபோது, அவரை எப்படிக் கூப்பிடுவது என்பதே அந்தச் சின்னச் சபைக்குப் பெரிய கவலையாக இருந்தது. குருவானவரை ஐயர் என்று கூப்பிட்டே பழகிய ஊர். ஐயரம்மா என்றால் ஐயருடைய மனைவி என்றாகிவிடும். கடைசியில் அம்மா என்று வைத்துக்கொண்டார்கள். அப்படிக் கூப்பிட்டார்களே தவிர, அவர் சொன்னதைக் கேட்டார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

கேட்டவர் ஒரே ஒருவர், உபதேசியார் மாசிலாமணி. குருவானவர் ஊரில் இல்லாதபோது ஆராதனை நடத்துகிறவர், வீடுவீடாகப் போய் ஜெபிக்கிறவர். அவருடைய மூத்த மகளுக்கும் அம்மாவுக்கும் ஒரே வயதுதான் இருக்கும். ஆனாலும் காலையில் அம்மா குடியிருந்த குருமனைக்கு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, வேதத்தில் தனக்குள்ள சந்தேகங்களைக் கேட்பார். தலை நரைத்த பிறகு பள்ளிக்கூடமா என்று ஊர் சிரித்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அன்று அசனப் பண்டிகை. சபையில் உள்ள ஒவ்வொரு வீடும் அரிசி கொண்டுவந்து, கோயில் முன்மண்டபத்தில் விரித்த பாயில் கொட்டும். எல்லாம் ஒரே குவியல். அதை ஒரே அண்டாவில் பொங்கி எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

மாசிலாமணி அன்று வரும்போதே முகம் மலர்ந்திருந்தது.

"ஒரு சிக்கல் வந்துச்சு அம்மா. சத்தம் வராம முடிச்சிட்டேன்."

"என்ன சிக்கல்?"

"வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் இருக்காள்லா, சுந்தரக்கனி. ஓலைப்பெட்டி நெறைய அரிசி கொண்டாந்துட்டா."

"அசனத்துக்கு அரிசி கொண்டுவர்றது சிக்கலா?"

"அந்தப்பக்கத்து வீடுகள்ல நாம அரிசி வாங்குத வழக்கம் கிடையாது அம்மா. சாப்பிட வருவாங்க. நாமளே கூப்பிடுவோம். அரிசி மட்டும் வாங்குறதில்ல."

வாய்க்காலுக்கு அந்தப்பக்கத்து வீடுகள் வேறு சாதி. அவர்களும் தாத்தா காலத்திலிருந்து இதே சபைதான். இதே கோயிலில்தான் ஞானஸ்நானம், இதே பாட்டுகள்தான், இதே ஜெபம்தான். அரிசி மட்டும் ஆகாது. இதற்கு வழக்கம் என்று ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அந்தச் சொல்லுக்கு வாய் இருந்தால் இவர்கள் முகத்தில் காறித் துப்பியிருக்கும்.

"என்ன சொல்லி அனுப்புனீங்க?" என்று கேட்டார் அம்மா.

"தன்மையாத்தான் சொன்னேன். 'உங்க கஷ்டம் எங்களுக்குத் தெரியாதா, நீ ஏன் அரிசி சுமக்கே, குடும்பத்தோட வந்து வயிறாரச் சாப்பிட்டுப் போ'ன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"பொருத்தனை அரிசின்னா. அவ புருசன் இஸ்ரவேல் மஞ்சக்காமாலையில சாகக் கிடந்தாம்லா. அவன் பிழைச்சு எந்திரிச்சா அசனத்துல அரிசி போடுதேன்னு ஆண்டவர்கிட்ட நேர்ந்திருக்கா. 'ஆண்டவருக்கு உன் மனசு தெரியும், போ'ன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

அம்மா கையிலிருந்த காபியைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

அது மாசிலாமணிக்குப் பிடிக்கவில்லை. பாராட்டு வரும் என்று நினைத்து வந்தவர் அவர்.

"ஒண்ணு கேக்கேன் அம்மா. கிருபைன்னா சும்மா கிடைக்கிறதுதான? நீங்கதான சொல்லிக் குடுத்தீய? அப்படின்னா ஒண்ணும் கொண்டுவர வேண்டாம், சும்மா வந்து சாப்பிடுன்னு சொல்லுறதுல என்ன குத்தம்?"

"வாங்க, கோயிலுக்குப் போவோம்" என்று எழுந்தார் அம்மா.

முன்மண்டபத்தில் அரிசி முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது.

"காலையில நானும் இதுலதான கொட்டுனேன்?"

"ஆமா அம்மா. நான்தான பெட்டியப் பிடிச்சேன்."

"குருமனை அரிசிய மட்டும் எடுத்துக் குடுங்க. திரும்பக் கொண்டுபோறேன்."

மாசிலாமணி சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவர் குந்தி உட்கார்ந்து ஒரு கை அரிசியை அள்ளிப் பார்த்தார். அதில் சன்ன அரிசியும் கிடந்தது, மோட்டா அரிசியும் கிடந்தது, ரேஷன் அரிசியும் கிடந்தது.

"எப்படி அம்மா பிரிக்க? எல்லாம் கலந்து போச்சு. எது யாரு வீட்டு அரிசின்னு யாருக்குத் தெரியும்?"

"சுந்தரக்கனி அரிசி மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"அரிசிய எங்க பாத்தோம்? பெட்டியத் திறக்கவே விடலியே. ஆளப் பாத்துத்தான்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். அம்மா கையிலிருந்த அரிசியைக் குவியலில் மெதுவாகப் போட்டார்.

அதற்குள் சபைச் செயலர் கிருபாநிதி வந்துவிட்டார். அசனத்துக்கு ஆடு கொடுத்தவர். ஆடு கொடுத்த வருடங்களில் அவர் நடையே தனி.

"விஷயம் காதுக்கு வந்துச்சு அம்மா. நான் சாதி பாக்குற ஆளே கிடையாது. என் வயக்காட்டுல வேலை பாக்குறது பூரா அவுங்கதான்."

சாதி பார்க்கிற ஆளே கிடையாது என்று ஆரம்பிக்கிற பேச்சு எங்கே போய் நிற்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அது நேராக அங்கேயே போய் நின்றது.

"ஆனா நாலு பேரு மனசையும் பாக்கணும்லா? அந்த அரிசி விழுந்தா எத்தனையோ பேரு இலையில உக்கார மாட்டாங்க. அதுக்கு ஒரு வழி சொல்லுதேன். பொருத்தனைய நாம தடுக்கவேண்டாம். கோயிலுக்குப் பின்னால தண்ணித் தொட்டிப் பக்கம் ஒரு அடுப்பக் கூட்டுவோம். அவ அரிசிய தனிப் பானையில பொங்கட்டும், அவுங்க ஆளுகளே சாப்பிடட்டும். பொருத்தனையும் தீந்திரும், யாரு மனசும் நோகாது."

யார் மனசும் என்று அவர் சொன்ன கணக்கில் சுந்தரக்கனியின் மனசு வரவில்லை. அதை அவர் மறந்ததாகவும் தெரியவில்லை. அப்படி ஒன்று இருப்பதாகவே அவருக்குத் தோன்றியிருக்காது.

மாசிலாமணி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்தார்.

"சரி" என்றார் அம்மா. "தனிப் பானையிலேயே வேகட்டும்."

கிருபாநிதிக்கே நம்ப முடியவில்லை. ஆளைவிட்டு விறகெடுக்கச் சொல்லிவிட்டு, யாராவது மனசு மாறுவதற்குள் என்பதுபோல வேகமாகப் போய்விட்டார்.

"சரின்னுட்டீயளே அம்மா?" என்றார் மாசிலாமணி.

"நீங்க போய் சுந்தரக்கனியக் கூட்டிட்டு வாங்க. திருப்பி அனுப்புனது நீங்கதான?"

"தனிப் பானைன்னு சொல்லியா கூப்பிட?"

"உள்ளதச் சொல்லித்தான் கூப்பிடணும்."

வாய்க்காலைத் தாண்டி மாசிலாமணி போனார். எத்தனையோ முறை ஜெபிக்கப் போன வீடுதான். இன்றைக்கு வாசலில் நிற்கவே கூசியது.

சுந்தரக்கனி அரிசிப் பெட்டியை மடியருகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பு இன்னும் தேறாத இஸ்ரவேல் சுவரில் சாய்ந்திருந்தான்.

"அம்மா உன்னக் கூப்பிட்டாங்க. அரிசியக் கொண்டுவரச் சொன்னாங்க."

அவள் முகம் தெளிந்தது. "கூட்டத்தோட கொட்டச் சொல்லிட்டாங்களா?"

மாசிலாமணி வாசல்படியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இல்ல. பின்னால தனி அடுப்பு. தனிப் பானை."

"யாரு சொன்னா?"

"கிருபாநிதி."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"சரின்னாங்க."

"அம்மாவுமா?" என்றாள் சுந்தரக்கனி. சத்தம் போட்டிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இஸ்ரவேல் சொன்னான்: "போகாண்டாம் கனி. பெட்டியக் கொண்டுபோயி உள்ள வையி."

"உள்ள வச்சு என்ன செய்ய? ஆண்டவருக்குன்னு சொன்ன அரிசி. நாம பொங்கித் தின்ன முடியுமா, கோழிக்குப் போட முடியுமா?" அவள் மாசிலாமணியின் பக்கம் திரும்பினாள். "உபதேசியாரய்யா, இவரு கண்ணு மஞ்சளாக் கிடந்தப்போ, அந்த ராத்திரியெல்லாம் இந்த அசனத்தச் சொல்லித்தான் நான் கெஞ்சுனேன். கெஞ்சும்போது ஆண்டவரு என்கிட்ட எந்தத் தெருன்னு கேக்கல. நீங்க கேட்டீய."

மாசிலாமணி குனிந்தார். பெட்டியைத் தூக்கக் கை நீட்டினார்.

"விடுங்க. இது என் பொருத்தனை. நானே சுமந்துக்கிடுதேன்."

அவள் முன்னால் நடந்தாள், இஸ்ரவேல் அவள் பின்னால் நடந்தான். உபதேசியார் அவர்களுக்குப் பின்னால் நடந்தார்.

தண்ணித் தொட்டியருகே அடுப்புக் கூட்டியிருந்தார்கள். அம்மா அங்கே தரையில் குந்தி விறகை ஊதிக்கொண்டிருந்தார். புகையில் கண்கள் சிவந்திருந்தன. சுந்தரக்கனி அவரிடம் பேசவில்லை. அரிசியைக் களைந்தாள், உலையில் போட்டாள். அவள் கேட்காமலே அம்மா உப்பை எடுத்துக் கொடுத்தார்.

மத்தியானம் அண்டா இறங்கியது. கறிக்குழம்பு வாசனை தெருவரைக்கும் போயிற்று. முன்பக்கம் பந்தலில் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சபையார் உட்கார்ந்துவிட்டார்கள். குருவானவர் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று ஜெபம் பண்ணிய பிறகுதான் பரிமாறுவார்கள். குருவானவரைக் காணோம். ஒலிபெருக்கியில் இரண்டு பாட்டு பாடிப் பார்த்தார்கள். பசியில் பாட்டு இழுத்தது.

மாசிலாமணி பின்பக்கம் ஓடிவந்தார்.

"அம்மா, எல்லாரும் உக்காந்தாச்சு. ஜெபத்துக்குக் காத்துட்டு இருக்காங்க."

அம்மா சிறு பானைக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு இலை இருந்தது.

"ஜெபம் பண்ணியாச்சு" என்றார்.

"எப்பம்?"

"இப்பதான். அவங்க ரெண்டுபேரும் ஆமென் சொன்னாங்க."

"அது இந்தப் பானைக்கு. அங்க அண்டாவுக்கு?"

"அண்டாவுல என்ன இருக்கு?"

"சோறு அம்மா."

"பசிச்சவங்க சாப்பிடட்டும். சாப்பாட்டுல நான் ஒண்ணும் குறை சொல்லல."

"அசனம் அம்மா அது."

"அசனத்தத்தான் தனியா வைக்கச் சொன்னாங்களே. வச்சாச்சு."

கிருபாநிதி பின்னாலேயே வந்திருந்தார். கடைசி வார்த்தை அவர் காதில் விழுந்துவிட்டது. முகம் கறுத்துப்போயிற்று.

"சபையையே அவமானப்படுத்துதீய அம்மா. காலைல சரின்னு சொல்லிட்டு இது என்ன வேலை? நான் பிஷப்புக்குப் போன் போடுவேன்."

"போடுங்க. என்ன சொல்லுவீங்க?"

"நீங்க அசனத்துக்கு ஜெபம் பண்ணலன்னு சொல்லுவேன்."

"ஏன் பண்ணலன்னு கேப்பாரு."

கிருபாநிதி வாயைத் திறந்தார். பொருத்தனை அரிசி வந்தது என்று ஆரம்பிக்க வேண்டும், அதை வாங்கவில்லை என்று சொல்ல வேண்டும், ஏன் வாங்கவில்லை என்றும் சொல்ல வேண்டும். அதுவரை எத்தனையோ வருடங்களாகச் செய்து வந்ததை ஒருதடவைகூட வாயால் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை. அந்த வழக்கத்தின் பலமே அதில்தான் இருந்தது.

"பரிமாறச் சொல்லுதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் முன்பக்கம் வாளிச் சத்தம் கேட்டது. வழக்கமான பேச்சும் சிரிப்பும் மட்டும் கேட்கவில்லை.

மாசிலாமணி போகவில்லை. தொட்டிக்கும் கோயில் சுவருக்கும் நடுவே நின்றார். முன்பக்கம் அவருக்கென்று ஒரு இலை போட்டிருந்தது, செயலருக்குப் பக்கத்தில். இங்கே சுந்தரக்கனி பானையைத் திறந்து, ஆவி அடங்கக் காத்திருந்தாள். இஸ்ரவேல் வீட்டிலிருந்து எடுத்துவந்த பருப்புக்குழம்பைத் தூக்குவாளியிலிருந்து கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தான்.

அவள் முதல் அகப்பைச் சோற்றை அம்மாவின் இலையில் வைத்தாள். அம்மா கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார்.

மாசிலாமணிக்குக் கண் கலங்கியது. செருப்பைக் கழற்றினார். இரண்டு எட்டு வைத்தார், நின்றார்.

"அம்மா, நானும் இங்க உக்காந்து சாப்பிடலாமா?"

அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கிட்ட ஏன் கேக்கீங்க? நானே சும்மா சாப்பிட வந்தவ. சோறு அவங்களோடது. அவங்ககிட்ட கேளுங்க."

சுந்தரக்கனி அகப்பையுடன் நிமிர்ந்தாள். காலையில் அவளைச் சும்மா வந்து சாப்பிடச் சொன்ன உபதேசியார் மாசிலாமணிக்கு, அவளிடம் கேட்க வாய் வரவில்லை.