ஆலமரத்துக்குப் பின்னால் நின்ற குதிரைவீரன்

குன்றின் மேல் குகையில் ஒரு சமணத் துறவி அம்மை இருந்தார். நரைத்த வயதில் அவரிடம் சீடனாக வந்தவன் எயினன். ஒரு காலத்தில் படைத்தலைவன். ஆலந்துறைப் போரில் அவன் படை தோற்றது. அவன் தம்பி கீரன் அங்கேயே இறந்தான்.

கீரனின் மனைவி வெள்ளி மறுபடியும் ஆள் அனுப்பியிருந்தாள். அவர் எப்படிப் போனார் என்று உங்கள் வாயால் கேட்க வேண்டும், ஒருமுறை வந்துபோங்கள் என்று.

எயினன் போகவில்லை.

"எங்கே பிசகினேன் என்று தெரியாமல் எந்த முகத்தோடு போவேன்?"

குகைத் தரையில் மணல் பரப்பி ஆலந்துறையைச் செய்திருந்தான். நீலத் துணி ஆறு. வேப்பங்கொத்து ஆலமரம். விரல் உயரத்தில் சுட்ட களிமண் வீரர்கள். ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டைகளை உருட்டுவான். வெள்ளை கூடுதலாக விழுந்தால், அடிபட்ட வீரன் கூடைக்குப் போவான்.

எதிரிப்படையை அம்மை நடத்தினார். படை இறங்கும் முன் மயிற்பீலியால் மணலை வருடி எறும்புகளை ஒதுக்குவார்.

"எறும்பை மிதிக்காதவளைப் பிடித்துத் தளபதி ஆக்கிவிட்டாய்."

"நன்றாகத்தான் வெட்டுகிறீர்கள், அம்மையே."

"இந்த யானைக்குத் தும்பிக்கை எங்கே?"

"நேற்று நீங்கள்தான் உடைத்தீர்கள்."

அன்று எயினன் வென்றான். எதிரியின் கொடி நீலத் துணியில் கிடந்தது.

"பார்த்தீர்களா. யானைகளை வலப்பக்கம் முன்பே இறக்கியிருந்தால் போதும். கீரன் பிழைத்திருப்பான். அவனைக் கொன்றது நான்தான்."

அம்மை மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆலமரத்துக்குப் பின்னால் சிவப்புத் தலைப்பாகையோடு ஒரு குதிரைவீரன் நின்றான். மற்றவர்கள் எல்லோரும் அச்சில் எடுத்தவர்கள். இவனுக்கு மட்டும் மூக்கும் மீசையும் இருந்தன.

"இவன் எந்த ஆட்டத்திலும் நகர்ந்ததில்லையே."

"அது கீரன். அங்கேதான் நிற்கச் சொன்னேன். பத்திரமான இடம்."

"இன்னொரு முறை அடுக்கு. எதிரியையும் நீயே ஆடு. எனக்கு இவன் ஒருவன் போதும்."

அடுக்கினான். யானைகளை வலப்பக்கம் இறக்கினான். அம்மை குதிரைவீரனை எடுத்தார். ஆலமரத்தைத் தாண்டிக் கொண்டுபோய் ஆற்றின் நடுவில் வைத்தார்.

"கூடாது," என்றான் எயினன். "நான் அவனைப் போகச் சொல்லவில்லை."

"அன்று சொன்னாயா?"

புளியங்கொட்டைகள் எயினனின் உள்ளங்கையில் ஈரமாயின.

"இல்லை. நில்லடா என்றுதான் கத்தினேன்."

"அவனுக்குக் கேட்டதா?"

"கேட்டது. திரும்பிப் பார்த்தான். சின்ன வயதில் கிணற்றில் குதிக்கும் முன்னால் மேலே பார்த்துச் சிரிப்பான். அதே சிரிப்பு. பிறகு குதிரையைத் தட்டிவிட்டான்."

"இதை வெள்ளியிடம் சொன்னாயா?"

"யாரிடமும் சொன்னதில்லை. ஜெயிக்கும் வழியைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போகலாம் என்று இருந்தேன்."

ஆற்றங்கரையில் ஓர் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அம்மை பீலியால் அதை மெல்ல ஒதுக்கினார். கீரனை எடுத்து எயினன் கையில் வைத்தார்.

"வெயில் தாழ்ந்ததும் புறப்படு," என்றார். "அந்தச் சிரிப்பு அவளுக்குச் சேர வேண்டியது."