இரண்டடி கீழே

ஆவுடையப்பருக்கு அறுபது வயது. முப்பது வருஷம் ஓர் அலுவலகத்தில் கடிதங்களுக்கு நகல் எழுதி ஓய்வு பெற்றவர். மேலிடத்து உத்தரவு இல்லாமல் ஒரு கமாவைக்கூட இடம் மாற்றியதில்லை. அப்படிப்பட்டவர், தன்னைவிட இருபது வயது இளையவரான மங்கையம்மையைக் குருவாக ஏற்று ஆற்றங்கரை மடத்துக்கு வந்து சேர்ந்தபோது உறவுக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

குரு மந்திரம் எதுவும் சொல்லித் தரவில்லை. தினமும் காலையில் கருவேணி ஆற்றின் நீர்மட்டத்தைப் பார்த்து நோட்டில் எழுதச் சொன்னார். அவ்வளவுதான் உபதேசம்.

படித்துறையில் ஏழாம் படியை ஒட்டி ஓர் அளவுக்கல் நின்றது. அதில் ஒரு சிவப்புக் கோடு. ஏழாம் படியில் இறங்கி, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, கோட்டுக்குத் தண்ணீர் எத்தனை அடி கீழே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கோட்டைத் தொட்டால் மடத்து மணியை அடிக்க வேண்டும். மணி கேட்டதும் ஆற்றின் நடுவே திட்டில் குடியிருக்கும் நாற்பது குடும்பமும் தரைப்பாலத்தைத் தாண்டிக் கரையேறிவிடும். அதற்கு ஒரு மணி நேரம்தான் கெடு. பிறகு பாலம் முங்கிவிடும்.

மணி அடித்தால் திட்டில் மணல் அள்ளும் லாரிகளும் நின்றாக வேண்டும். அந்த மழைக்காலத்தில் நான்கு முறை நின்றுவிட்டன. ஐந்தாவது முறை வருவதற்குள் அதிகாரி ஒருவர் ஆட்களோடு வந்து, பழைய கோட்டைச் சுரண்டிவிட்டு இரண்டடி மேலே புதுக்கோடு போட்டார். நல்ல பெயிண்ட்தான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

“தண்ணி இந்தக் கோட்டைத் தொடாம மணிச் சத்தம் கேட்டுச்சுன்னா, மணியைக் கழற்றிட்டுப் போயிடுவேன்” என்றார்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த மங்கையம்மை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கோடு மாறிய நான்காம் நாள் காலை. விடாத மழை. ஆவுடையப்பர் ஆற்றில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, மணிமணியான கையெழுத்தில் எழுதி நோட்டை நீட்டினார்.

“என்ன எழுதியிருக்கீங்க?”

“இரண்டடி கீழேம்மா. பயமில்லை. இதே இரண்டடியை எத்தனையோ நாள் எழுதியிருக்கேன்.”

“ஏழாம் படியில தண்ணி உங்களுக்கு எதுவரைக்கும் இருந்துச்சு?”

அவர் கையை நெஞ்சில் வைத்துக் காட்டினார்.

“நெஞ்சு வரைக்கும்.”

“போன தடவை மணி அடிச்ச அன்னைக்கு?”

ஆவுடையப்பர் நெஞ்சிலிருந்த கையை எடுத்தார்.

“அன்னைக்கும் நெஞ்சு வரைக்கும்தான். ஆனா கோட்டைத் தொடலையேம்மா. நான் எதை நம்பறது?”

குரு பதில் சொல்வதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது. அதிகாரி குடையோடு இறங்கினார்.

“கோட்டுக்கு இன்னும் இரண்டடி இருக்கு. மணிப்பக்கம் யாரும் போகக் கூடாது.”

மங்கையம்மை எழுந்தார்.

“சரிங்க ஐயா. எங்க ஆளுக்கு வயசாயிடுச்சு, கண்ணு முன்னப்பின்ன. நீங்களே ஏழாம் படியில நின்னு ஒரு தடவை பார்த்துச் சொல்லிடுங்க.”

அதிகாரி சிரித்துக்கொண்டே இறங்கினார். மூன்றாம் படியில் தண்ணீர் முழங்காலைப் பிடித்து இழுத்தது. சிரிப்பு அங்கேயே நின்றது.

“இன்னும் நாலு படி இருக்குங்க” என்றார் மங்கையம்மை.

“இங்கேருந்தே தெரியுது.”

“இறங்குங்க ஐயா. சங்கிலி இருக்கு. நீங்க போட்ட கோட்டைத் தண்ணி தொடற வரைக்கும் அங்கேயே நில்லுங்க. தொட்டதும் ஒரு குரல் கொடுங்க. அந்த நிமிஷமே அடிச்சிடறோம்.”

அதிகாரி அளவுக்கல்லைப் பார்த்தார். ஏழாம் படியில் நின்றால் அவருடைய புதுக்கோடு அவர் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருக்கும். அவர் இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை.

அப்போது மணி அடித்தது.

ஆவுடையப்பரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஈரத் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, கயிற்றைப் பிடித்து, உடம்பின் மொத்த பலத்தையும் போட்டு இழுத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் கைக்கு வந்திருந்தது.

மழைக்குள்ளே திட்டு அசைந்தது. தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை, முன்னால் ஆடு என்று ஜனங்கள் தரைப்பாலத்தில் இறங்கினார்கள். லாரிகளும் பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தன.

அதிகாரி தட்டுத் தடுமாறி மேலே ஏறி வந்தார்.

“அன்னைக்கே சொன்னேன். இப்பவே ஆளைக் கூப்பிட்டு மணியைக் கழற்றச் சொல்றேன்.”

ஆவுடையப்பர் கயிற்றை விடவில்லை. குருவைத் திரும்பிப் பார்த்தார்.

மங்கையம்மை பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக ஒருத்தி முரண்டு பிடித்த ஆட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கரையேறும் வரைக்கும் பார்த்தார். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

“தாராளமாக் கழற்றிக்கோங்க ஐயா. சத்தம் போய்ச் சேர்ந்தாச்சு.”