முந்திப் பறந்த விருந்துச் செய்தி

ஒரு காட்டில் செய்தி கொண்டுபோகும் வேலை மைனாக்களுடையது. மலைச்சரிவில் இருந்த நாவல் மரத்தடிக்கு வந்து, யாருக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதை ஒரு மைனாவிடம் சொன்னால் போதும். அது பறந்துபோய் அப்படியே ஒப்பித்துவிடும். ஆனால் ஒரு மைனாவுக்கு ஒரு நேரத்தில் ஒரு செய்திதான். இரண்டு சொன்னால் பாவம், இரண்டையும் குழப்பிவிடும். அதனால் யானையே வந்தாலும் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

கரடிக்கு அந்த வரிசை பிடிக்கவே இல்லை. அவளுக்கு ஆற்றோரக் குகையில் ஒரு குட்டி இருந்தது. இன்னும் மரமேறப் பழகாத குட்டி. அதைக் குகையில் விட்டுவிட்டுத்தான் அவள் தேன் எடுக்க மலை உச்சிக்குப் போவாள். "சாப்பிட்டாயா கண்ணே?" என்று கேட்டனுப்பக்கூட அணிலுக்குப் பின்னால் நிற்பதா என்று அவளுக்கு எரிச்சல்.

ஒருநாள் பெரிய தேனடை ஒன்றைத் தலைமை மைனாவின் முன் வைத்தாள்.

"இனி என் செய்தி முதலில் போகட்டும். உனக்குத் தேன் வந்துகொண்டே இருக்கும்."

தலைமை மைனா அலகால் தொட்டுச் சுவைத்தது. சுவைத்தபின் விடுமா? "தேன் கொடுப்பவர் செய்தி முதலில். மற்றவர்கள் செய்தி பிறகு!" என்று அறிவித்துவிட்டது.

கரடியின் குகைக்குப் பக்கத்துப் புதரில் வசித்த சருகுமானும் அப்போது வரிசையில் நின்றிருந்தது. முயல் அளவே இருக்கும் குட்டி மான் அது. "அக்கா, எங்களிடம் தேன் ஏது?" என்றது.

"உன் செய்தியை யார் தடுத்தார்கள்? கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதானே! அப்படி என்ன தலைபோகிற செய்தி உன்னிடம் இருக்கிறது?" என்று சிரித்தாள் கரடி.

கோடையின் கடைசியில் அவளுக்குத் தேன் ஏராளமாகக் கிடைத்தது. மலை உச்சியில் பெரிய விருந்து வைக்க ஆசைப்பட்டாள். ஒருநாள் விடிந்ததும், அன்றிரவு விருந்துக்குக் காடு முழுவதையும் அழைக்கச் சொல்லி மைனாக்களிடம் கூறிவிட்டு உச்சிக்குப் போனாள்.

அன்று காலை, எங்கோ மேற்கே பெய்த மழையில் ஆறு பெருகியது. சருகுமான் மூச்சிரைக்க நாவல் மரத்தடிக்கு ஓடிவந்தது.

"குகைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது! குட்டி உள்ளே கிடந்து கத்துகிறது. என்னால் இழுக்க முடியவில்லை. கரடியக்காவை உடனே வரச்சொல்லுங்கள்!"

"தேன் கொடுத்தாயா?" என்று கேட்டது தலைமை மைனா.

"இல்லையே!"

"அப்படியானால் காத்திரு. விருந்துச் செய்திகள் இன்னும் முடியவில்லை."

"ஐயோ, இது அந்தக் கரடியக்காவின் குட்டிதான்!"

"யாருடைய செய்தி என்பதுதான் கணக்கு. யாருக்குப் போகிறது என்பது கணக்கில்லை."

ஒரு மைனா மயிலை அழைக்கப் பறந்தது. இன்னொன்று முள்ளம்பன்றியை அழைக்கப் பறந்தது. சருகுமான் ஒவ்வொன்றிடமும் கெஞ்சிக் கெஞ்சி அழுதது. அந்தக் குட்டைக் கால்களால் மலை உச்சிவரை ஏறிப் போகவும் அதற்கு வழியில்லை.

பொழுது சாயும்போதுதான் ஒரு மைனா கரடியிடம் வந்தது. சருகுமான் சொன்னதை மூச்சிரைப்போடு சேர்த்தே ஒப்பித்தது.

கரடி பதறிப்போனாள். "இதை எப்போது சொன்னது?"

"காலையில், அம்மா. உங்கள் விருந்துச் செய்திகள் முன்னால் இருந்தன."

கரடி முள்ளிலும் கல்லிலும் விழுந்து எழுந்து ஓடினாள். குகையின் வாயே தெரியவில்லை. எல்லாம் தண்ணீர். "கண்ணே! கண்ணே!" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பதில் இல்லை.

வெள்ளம் வடிந்ததும் குட்டியைக் கவ்வி வெளியே கொண்டுவந்தாள். நெற்றியை நக்கினாள், வயிற்றை நக்கினாள். அது கண் திறக்கவில்லை. பெற்ற வயிறு எப்படித் தாங்கும்? அவள் போட்ட சத்தத்தில் சருகுமானும் விம்மி அழுதது.

மலை உச்சியில் மயிலும் முள்ளம்பன்றியும் யானையும் சரியான நேரத்துக்கு வந்து விருந்துக்குக் காத்திருந்தன. அழைப்பு கிடைக்காதவர் ஒருவர்கூட இல்லை.

நீதி: எல்லோருக்கும் பொதுவான வழியை விலை கொடுத்து வளைத்துக்கொண்டால், நமக்காக ஓடிவரும் உதவியும் அந்த வழியிலேயே நின்றுபோகும்.