நூற்றுக்கு நூறு பச்சை

ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலை. அங்கே கேண்டீனைப் பார்த்துக்கொள்பவன் நான். திருமேனி சார் நல அலுவலர். ஜெபக்கனி சிஸ்டர் மருத்துவ அறை நர்ஸ். சாரைவிடப் பதினைந்து வயது சின்னவர். பிரஷர் மெஷினைக் கையில் கட்ட சாருக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தம்மாதான். அன்றிலிருந்து சார் அவரை டீச்சர் என்றே கூப்பிடுவார். பாதி கேலி, பாதி நிஜம்.

மூன்று மாதம் முன்பு எல்லார் போனிலும் ஒரு ஆப் ஏற்றினார்கள். கேண்டீன் வாசலில் ஒரு மெஷின். ஆப்பைத் திறந்துவிட்டு மெஷினைக் கட்டிக்கொண்டால் அளவு தானாகப் போனில் ஏறும். 'அனுப்பு' என்பதைத் தொட்டால் முடிந்தது. பிரஷர் சரியாக இருந்தால் பேர் பச்சையிலும், கூடினால் சிவப்பிலும் கேண்டீன் டி.வி.யில் ஓடும். டி.வி. யோசனை சாருடையது. நல்ல மனுஷன்தான், என்ன செய்ய, யோசனை கொஞ்சம் அப்படி.

அன்று காலை பத்து மணிக்குச் சார் மருத்துவ அறைக்கு ஓடியே வந்தார். டீ கொடுக்கப் போன நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

"டீச்சர், நூத்துக்கு நூறு பச்சை. ஒரு சிவப்பு இல்ல. பதினோரு மணிக்கு ஹெட் ஆபீஸ்ல கூப்பிடுறாங்க. ஏழு மில்லுக்கும் இதையே கொண்டுபோகப் போறாங்க."

சந்தோஷத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"கார்டிங் செக்‌ஷன் கருத்தப்பாண்டியுமா சார்?"

"அவருந்தான். பொங்கலப்போ நடந்த மருத்துவ முகாம்ல நூத்தி எண்பது. இப்ப நூத்திப் பதினாறு, மாத்திரையே இல்லாம. எப்படி டீச்சர் இது?"

சிஸ்டர் தன் போனில் பட்டியலை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே வந்தார்.

"நாடித்துடிப்பைப் பாத்தீங்களா?"

"இல்லையே."

"எல்லாருக்கும் ஐம்பத்தி நாலு, ஐம்பத்தஞ்சு. கருத்தப்பாண்டி அண்ணாச்சி தினமும் தலைவலி மாத்திரை கேட்டு வர்றாரு சார். நேத்து சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடந்தாரு. வாங்க, மெஷினைப் பாத்துட்டு வருவோம்."

டீத் தட்டை எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். கேண்டீன் என் இடம். அங்கே நடக்கிறது எனக்குத் தெரியாதா?

டீ இடைவேளை. மெஷின் முன்னால் நீள வரிசை. ஸ்டூலில் பேக்கிங் முனீஸ் உட்கார்ந்திருந்தான். கபடி ஆடுகிறவன், இரும்பு மாதிரி உடம்பு. மெஷின் பட்டை அவன் கையில். வரிசையில் வருகிறவர் தன் போனை நீட்டுவார், பட்டை ஊதும், அளவு ஏறும், அடுத்த ஆள் வருவார். முனீஸ் மறு கையால் என் வடையைத் தின்றுகொண்டிருந்தான். அந்த நேரம் போனை நீட்டி நின்றவர் கருத்தப்பாண்டி.

சார் முகத்தில் ஈயாடவில்லை. "என்ன அண்ணாச்சி இது?"

"மகளுக்குப் பேசி முடிக்கிற நேரம் சார். மாப்பிள்ளையோட அப்பா இதே மில்லுல ஸ்பின்னிங். டி.வி.யில என் பேரு சிவப்புல ஓடுனா அவரு என்ன நெனைப்பாரு?"

"உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா என்ன நெனைப்பாரு? பிரஷர் இருந்தா இருக்குன்னு சொல்றதுல என்ன வெக்கம்?"

சிஸ்டர் முனீஸ் கையிலிருந்து பட்டையைக் கழற்றினார்.

"சார், நீங்க உக்காருங்க."

"நானா? எனக்கெதுக்கு?"

"இதுவரைக்கும் நீங்க பாத்துக்கிட்டதே இல்லையே."

உட்கார்ந்தார். பட்டை ஊதியது. நூற்று அறுபத்தெட்டு, நூற்று நாலு.

"ஓடி வந்தேன்ல, அதான்" என்றார் சார்.

"சரி, அஞ்சு நிமிஷம் பேசாம இருங்க. மறுபடி பாப்போம்."

ஐந்து நிமிஷம் யாரும் நகரவில்லை. டீ ஆறிப்போனது, கேட்பார் இல்லை. மறுபடி பட்டை ஊதியது. நூற்று அறுபத்து நாலு, நூற்று இரண்டு. சாருடைய போனில் 'அனுப்பு' என்று வந்து நின்றது. அவர் விரல் அதன் மேல் போகவே இல்லை. டி.வி.யைப் பார்த்தார். பிறகு முனீஸின் கையைப் பார்த்தார்.

"அவன் கை சும்மாதான் இருக்கு சார்" என்றார் சிஸ்டர்.

சார் தொட்டுவிட்டார். டி.வி.யில் அத்தனை பச்சைக்கும் மேலே திருமேனி என்று சிவப்பில் ஏறியது. யாரோ சிரித்தார்கள், அப்புறம் அடங்கிவிட்டார்கள். எனக்கு அந்த மனுஷனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

கருத்தப்பாண்டி சட்டைக் கையை மடித்தார்.

"எனக்கும் போடுங்க சிஸ்டர். என் கையில."

நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. சிஸ்டர் அவரை மெதுவாக நாற்காலியில் உட்காரவைத்து, முனீஸை அனுப்பி மில் வேனை வரச் சொன்னார். "பயப்படாதீங்க அண்ணாச்சி. நல்ல நேரத்துல காட்டிட்டீங்க. நேரா டாக்டர்கிட்ட போறோம்." கருத்தப்பாண்டி 'அனுப்பு' என்பதைத் தானே தொட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே. நான் முந்தி நீ முந்தி என்று ஆளாளுக்குச் சட்டைக் கையை மடிக்கிறார்கள். டி.வி.யில் சிவப்புக்கு மேல் சிவப்பு. மூன்றாவது ஆளாக நான் புகுந்து உட்கார்ந்தேன். முனீஸ் புண்ணியத்தில் மூன்று மாதமாகப் பச்சையில் ஓடிய பேர்களில் என்னுடையதும் ஒன்று.

சாரின் போன் அடித்தது. ஹெட் ஆபீஸ். அதைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"டீச்சர், இப்படியே போனா மில்லே சிவப்பாயிடுமே."

என் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்த சிஸ்டர் நிமிரவில்லை.

"ஆகட்டும் சார். பச்சைக்கு நான் என்ன மருந்து குடுக்க?"