சொரிமுத்துவின் பை

“என் நாற்காலியில மட்டும் ஏம்மா யாரும் படுக்க மாட்டேங்காங்க?” என்று கேட்டார் தெய்வசிகாமணி.

ஜெபக்கனி ஒரு அம்மாவின் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்டவர் பல் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெபக்கனி அவரிடம் படித்தவள். இப்போது திருநெல்வேலியில், மேம்பாலத்துக்கு அடியில், தெருவில் படுத்துறங்குகிறவர்களுக்காக ஞாயிறுதோறும் இலவசப் பல் முகாம் நடத்துகிறாள். நானும் வருகிறேன் என்று அவராகத்தான் வந்து சேர்ந்தார். கல்லூரியில் அவர் குரு. பாலத்துக்கு அடியில் அவள் குரு.

அவருடைய கை லேசான கை. ஊசி போட்டதே தெரியவில்லை என்று ஊரே சொல்லும். அதில் ஊருக்கு இருந்த நம்பிக்கையைவிட அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

வந்ததும் முகாமைச் சீர்திருத்தினார். சிகிச்சை நடக்கிற இடத்தில் அழுக்குப் பையும் மூட்டையும் ஆகாது என்றார். தூண் ஓரமாக மேஜை போட்டு, பையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்க ஒரு ஆளையும் நிறுத்தினார்.

ஜெபக்கனி மறுத்துப் பேசவில்லை. தன் நாற்காலிக்கு மட்டும் டோக்கன் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவளிடம் வந்தவர்கள் பையை வயிற்றின் மேல் வைத்துக் கட்டிக்கொண்டு படுத்தார்கள். அவருக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. நம்மிடம் படித்த பிள்ளை இப்படிச் செய்கிறதே என்று வருத்தப்பட்டார்.

ஆனால் வரிசை அவள் பக்கம்தான் நின்றது. அவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

அன்று காலையில் சொரிமுத்து வந்தார். கன்னம் வீங்கிப் பளபளத்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்து, வீக்கம் கழுத்துக்கு இறங்கத் தொடங்கியிருந்தது. அன்றைக்கே பல்லை எடுத்துச் சீழை வடிக்காவிட்டால் மூச்சையே அடைத்துவிடும்.

ஜெபக்கனி தொட்டுப் பார்த்தாள். “இதுக்கு சார் கைதான் சரி. அங்க போங்க அண்ணாச்சி.”

சொரிமுத்து போனார். பையை மேஜையில் வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். ஜிப் அறுந்து, கயிற்றால் கட்டிய ரெக்ஸின் பை. அவர் மேஜையைப் பார்த்தார். சாய்ந்து கிடந்த நாற்காலியைப் பார்த்தார்.

“பல்லு கிடக்கட்டும்யா.”

திரும்பி நடந்தார். அடுத்த தூண் வரைக்கும்தான் நடக்க முடிந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அதைப் பார்த்த பிறகுதான் தெய்வசிகாமணி தன் நாற்காலியைப் பற்றிய அந்தக் கேள்வியைக் கேட்டார். பதில் வராததால் கோபமும் வந்தது.

“உயிர் போற நேரத்துல பைதான் பெருசா? அப்படி என்ன வச்சிருக்கான் அதுக்குள்ள? மடியில கனமிருந்தாத்தானே வழியில பயம்.”

ஜெபக்கனி அந்த அம்மாவை அனுப்பிவிட்டுக் கையுறையைக் கழற்றினாள்.

“சார், இதுல கொஞ்சம் படுங்க.”

“எனக்கு எதுக்கு?”

“படுங்க சார்.”

படுத்தார். போனையும் பர்ஸையும் கார் சாவியையும் கேட்டு வாங்கினாள். அவர் தலைமாட்டுக்குப் பின்னால், ஆட்கள் காத்திருக்கும் பெஞ்சின் ஓரத்தில் வைத்தாள். நாற்காலியைச் சாய்த்தாள். விளக்கு வெளிச்சம் கண்ணில் விழுந்தது.

“வாயத் திறங்க.”

திறந்தார். பின்னால் யாரோ நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவர் தலை திரும்பியது.

“தலைய ஆட்டாதீங்க சார்.”

மறுபடி நேராகப் படுத்தார். சாவி உரசுகிற சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. அவரையும் அறியாமல் பாதி எழுந்துவிட்டார்.

“போதும் சார்,” என்றாள் ஜெபக்கனி. “எந்திரிங்க.”

அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தத் தூணருகே போய், சொரிமுத்துவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அந்த முழங்காலுக்கு அது சாதாரண காரியம் இல்லை.

பையை வயிற்றின் மேலேயே வைத்துக்கொள்ளலாம், தான் தொடப்போவதில்லை என்று சொல்லிப் பார்த்தார்.

சொரிமுத்து வாயைச் சரியாகத் திறக்க முடியாமல் பேசினார். “காய்ச்சல்ல படுத்தா கண்ணு அசந்திரும்யா. அப்படி அசந்தப்பதான் முந்தின பை போச்சு. எம் பொஞ்சாதிக்குன்னு இருந்த ஒத்தப் போட்டோவும் அதோட போச்சு.”

தெய்வசிகாமணி அந்தப் பையின் கயிற்றைப் பார்த்தார்.

“அசந்தீங்கன்னா நான் எழுப்புதேன்,” என்றார்.

சொரிமுத்து அவரை மேலும் கீழும் பார்த்தார். எழுந்து வந்து படுத்தார்.

ஊசி போட்டதே தெரியவில்லை. பல் வந்தது, சீழ் வடிந்தது. இரண்டு தடவை கண் அசந்தது, இரண்டு தடவையும் தெய்வசிகாமணி தோளைத் தட்டி எழுப்பினார். வேலை முடிகிறவரை பையைப் பிடித்த கை மட்டும் தளரவில்லை. பஞ்சு வைத்து அழுத்திக் கடிக்கச் சொன்னார். மாத்திரை கொடுத்தார். சாயங்காலம் வந்து தானே பார்ப்பதாகவும் சொன்னார்.

சொரிமுத்து இறங்கி நின்றார். முகம் கழுவ வேண்டும் என்று சைகை காட்டினார். குழாய் பாலத்தின் அந்தக் கோடியில் இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் போனார். நின்றார். திரும்பி வந்தார்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தெய்வசிகாமணியின் மடியில் பையை வைத்தார். வாயில் பஞ்சு இருந்ததால் பேச முடியவில்லை. பையைத் தொட்டுக் காட்டினார். தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். போய்விட்டார்.

முகாமுக்கு டீ வந்தது.

“சார், டீ ஆறுது. வாங்க,” என்று ஜெபக்கனி கூப்பிட்டாள்.

அவர் அசையவில்லை.

“உங்க போன், சாவியெல்லாம் அந்தப் பெஞ்சுலயே கிடக்கு சார். எடுத்துக்கிடுங்க.”

தெய்வசிகாமணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் பையை அணைத்துக்கொண்டு குழாயடிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கிடக்கட்டும்மா,” என்றார். “அவர் வந்திரட்டும்.”