கமேலியா தன் மணத்தைக் கொடுத்த கதை

செடிகொடிகள் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், நீலமலைச் சரிவில் மாதி என்றொருத்தி தோட்டம் வளர்த்தாள். எந்தக் கிளையை எங்கே வெட்டினால் தழைக்கும் என்பது அவள் கைக்குத் தெரியும்.

ஒரு வருஷம் நாற்பது நாள் விடாமல் மழை. சிவப்பாகப் பூக்கும் கமேலியாச் செடிகள் எல்லாம் அழுகிச் சாய்ந்தன. ஒன்றே ஒன்று மிச்சம்.

"அக்கா, என் வேரும் போய்விட்டது" என்றது அது.

மாதி மண்ணைக் கிளறிப் பார்த்தாள். உண்மைதான். "வேர்தானே போயிற்று, நீ போகவில்லையே" என்றாள்.

பக்கத்திலேயே அதே இனத்தைச் சேர்ந்த தேயிலைச் செடி அசையாமல் நின்றது. மாதி அதனிடம் போனாள்.

"உன் சொந்தக்காரி சாகக் கிடக்கிறாள். உன் வேரில் அவளுக்கு இடம் கொடு."

"சொந்தமா? பூத்து நின்றபோது ஒரு நாளாவது என் பக்கம் திரும்பினாளா?"

"இல்லைதான். அதற்காகச் சாக விடுவாயா?"

"என்னை வெட்ட வேண்டியிருக்குமே."

"ஒரு கிளையை மட்டும். என் கை தவறாது."

தேயிலை யோசித்தது. "சரி. பதிலுக்கு எனக்கு என்ன தருவாள்?"

அப்போதெல்லாம் கமேலியாப் பூ மூன்று மலை தாண்டி மணக்கும். "என் மணத்தை எடுத்துக்கொள்" என்றது கமேலியா.

"கொடுத்தால் திரும்ப வராது" என்றாள் மாதி.

"தெரியும் அக்கா. வெட்டு."

மாதி தேயிலைக் கிளையை வெட்டி, செடியில் மிஞ்சிய கட்டையை நடுவில் பிளந்தாள். கமேலியாவின் இளங்கிளை ஒன்றை ஆப்புப்போலச் சீவி, பட்டையோடு பட்டை பொருந்தச் செருகினாள். தான் உடுத்தியிருந்த முண்டுத் துணியின் ஓரத்தைக் கிழித்து இறுகக் கட்டி, மேலே களிமண் பூசினாள்.

"வலிக்கிறது" என்றது தேயிலை.

"வலிக்கும். அசையாமல் இரு."

ஊரார் வந்து பார்த்துவிட்டு, இது பிழைக்காது என்றார்கள். மாதி கட்டு நெகிழ்ந்திருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பார்த்தாள். முப்பதாம் நாள் ஒட்டுக்கட்டிய இடத்துக்கு மேலே துளிர் விட்டது. பனிக்காலத்தில் செக்கச்செவேல் என்று ஒரு பூ மலர்ந்தது.

மாதி குனிந்து முகர்ந்தாள். மணமே இல்லை. அருகிலிருந்த தேயிலைக் கொழுந்தைக் கிள்ளிக் கசக்கினாள். கையெல்லாம் கமகமத்தது.

"வருத்தமா?" என்று கேட்டாள்.

"உயிரோடு இருக்கிறேனே அக்கா" என்றது கமேலியா. அந்த வருஷம் அது நூறு பூ பூத்தது.

கமேலியா மணமில்லாமல் பூப்பதும், தேயிலை கசக்கிய கையில் மணப்பதும், வேர் நலிந்த கமேலியாவை அதன் சொந்தச் செடியில் ஒட்டுக்கட்டிப் பிழைக்க வைப்பதும் அன்று முதல்தான்.